கேட்டதைக் கொடுக்கும் செருகுநிரல்

வேர்ட்பிரஸ் தளங்களின் முகப்பில் படங்களை வழுக்கி ஓடவிடும் ‘ஸ்லைடர் ரெவல்யூஷன்’ செருகுநிரலைப் பாதுகாப்பு வல்லுநர்கள் 2014இல் ஏசித் தீர்த்தார்கள். அநியாயம். படத்தின் பெயர் கேட்கும் இடத்தில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டு, தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் கோப்பின் பெயரை எழுதினால், அதையும் எடுத்து நீட்டியது. நீ யார், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டதா? கர்ணனாவது, வந்தவன் இந்திரன் என்று தெரிந்துதான் கவசத்தைக் கொடுத்தான். சரிபார்க்க வேண்டாமா என்பார்கள். சரிபார்த்தவர்கள் கதை தெரியாதா? 2011இல் ‘டிம்தம்ப்’ என்ற படம் சுருக்கும் நிரல், முகவரியில் நம்பகமான தளத்தின் பெயர் இருக்கிறதா என்று கண்ணும் கருத்துமாகப் பார்த்தது. எந்த இடத்தில் இருக்கிறது என்றுதான் பார்க்கவில்லை. ‘பிளாக்கர்.காம்’ என்று தொடங்கி எவனோ ஒருவனின் தளத்தில் முடிந்த முகவரியும் தேறிவிட்டது. (வால் வரை படிக்க யாருக்கு நேரம்?)

ஓட்டையை அடைத்திருக்கலாமே என்பது அடுத்த குறை. அடைத்தார்களே, 2014 பிப்ரவரியிலேயே! திருடர்கள் விழித்துக்கொள்வார்களே என்று வெளியே மூச்சுவிடவில்லை, அவ்வளவுதான். வாங்கிய தீமோடு ஒட்டிக்கொண்டு வந்ததால், இந்தச் செருகுநிரல் தங்களிடம் இருப்பதே பல தள உரிமையாளர்களுக்குத் தெரியாது. டிசம்பரில் ‘சோக்சோக்’ தீநிரல் இதே செருகுநிரல் வழியாகப் புகுந்தது. லட்சம் தளங்களுக்கு மேல் என்றது கணிப்பு. ஆக, ரகசியம் கடைசிவரை காப்பாற்றப்பட்டது, உரிமையாளர்களிடமிருந்து. கூகுளும் தன் பங்குக்கு 11,000க்கும் மேற்பட்ட தளங்களைத் தடைப்பட்டியலில் சேர்த்துத் தண்டித்தது. கொள்ளைபோன தளங்களைத்தான்.