நாவலாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தால்

கேள்வி: ஒரு நல்ல நாவலாசிரியரை நாட்டுக்கு அதிபராக்கினால் எப்படி இருக்கும்?

பதில்: செர்பியர்கள் செய்து பார்த்துவிட்டார்கள். ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை!

அந்த நாவலாசிரியர் டோப்ரிட்சா சோசிச், 1921இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில், யூகோஸ்லாவியக் கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் கெரில்லாப் படையில் இருந்தார். அந்த அனுபவம் 1951இல் முதல் நாவலானது. யூகோஸ்லாவியாவின் பெரிய இலக்கியப் பரிசான ‘நின்’ விருதை முதன்முதலில் வாங்கியவரும் இவரே, ‘வேர்கள்’ நாவலுக்காக. பின்னால் இன்னொரு முறையும் வாங்கினார்.

டிட்டோவுக்கு வேண்டப்பட்டவர்தான். ஆனால் 1968இல், கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுவிலேயே எழுந்து, செர்பியாவின் கொசோவோ மாகாணம் பற்றிய கட்சிக் கொள்கையைக் குறை சொன்னார். பதவி போயிற்று. சும்மா இருந்தாரா? முதல் உலகப் போரில் செர்பியா பட்ட பாட்டை நான்கு பாக நாவலாக எழுதித் தள்ளினார். பதவி பறிப்பதால் இலக்கியத்துக்கு இப்படியும் லாபம் உண்டு. செர்பிய தேசியவாதத்துக்கு அவர் எழுத்து எண்ணெய் ஊற்றியது என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

1992 ஜூனில், செர்பியாவும் மான்டினீக்ரோவும் மட்டும் மிஞ்சிய புதிய யூகோஸ்லாவியாவின் முதல் அதிபரானார். நாற்காலி இவருக்கு, அதிகாரம் செர்பிய அதிபர் மிலோசெவிச்சுக்கு. இருவரும் முட்டிக்கொண்டார்கள். அடுத்த ஜூனில் நாடாளுமன்றம் இவரை வீட்டுக்கு அனுப்பியது.

2011இல் இவருக்கு இலக்கிய நோபல் என்று செர்பிய அரசுத் தொலைக்காட்சியே அறிவித்தது! யாரோ விஷமிகள் நோபல் தளம் மாதிரியே போலி இணையதளம் நடத்தியிருந்தார்கள். நிஜப் பரிசு ஸ்வீடன் கவிஞர் டிரான்ஸ்ட்ரோமருக்குப் போனது.