தென்மதில் மான்மியம்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயற்குழுவில் வீற்றிருக்கும் கனவான்களின் சமூகத்துக்கு, சி பிளாக்கின் தரைத்தளத்தில் பென்ஷனையும் மூட்டுவலியையும் துணையாகக் கொண்டு காலட்சேபம் செய்துவரும் உறுப்பினன் அநேக நமஸ்காரங்களுடன் செய்துகொள்ளும் விக்ஞாபனம்.

வேப்பமரத்தடியில் இத்தனை வருஷங்களாகக் கேட்பாரற்றுக் கிடந்த ஷட்டில் மைதானத்தை, 'தரம் உயர்த்தி இடம் மாற்றுதல்' என்ற திருநாமம் சூட்டி, தெற்கு மதிலோரத்தில் ஜெனரேட்டருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் இடைப்பட்ட புண்ணிய பூமியில் தாங்கள் பிரதிஷ்டை செய்திருப்பதை நினைக்குந்தோறும் என் நெஞ்சு விம்முகிறது. புலவர் பெருமக்கள் காலங்காலமாகப் போற்றிவந்த தென்றல் இனி அந்தத் தொட்டிகளைத் தடவிக்கொண்டுதான் ஆட்டக்காரர்களை வந்தடையும் என்பதை அவர்கள் அறியாமலே போய்விட்டது ஒரு விதத்தில் அவர்களுடைய பாக்கியம்.

பழைய மைதானத்தை மைதானம் என்று சொல்வதே உபசார வழக்குத்தான். பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி நட்ட இரண்டு இரும்புக் குழாய்கள். கிழிந்த இடங்களில் பூக்காரம்மாள் கொடுத்த வாழைநாரால் முடிச்சுப் போட்ட வலை. தாய்மார்களின் கண்ணில் படாமல் கடத்திவரப்பட்ட கோலமாவால் போட்ட கோடுகள். ஒரு மழை பெய்தால் கோடு கரைந்துவிடும். மறுநாள் அதைத் திரும்பப் போடுகையில் எழும் வியாஜ்ஜியத்தில், பீடியை மதிலில் தேய்த்து அணைத்துவிட்டு வாட்ச்மேன் தாத்தா "உள்ளேதான்" என்று சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இந்த அநாகரிகத்தை ஒழித்துப் பிக்கிள்பால் என்னும் நவீன விளையாட்டுக்கு 'சர்வதேச அளவில்' தளம் அமைக்க, லேசர் கருவி சகிதம் ஒரு நிபுணரை வரவழைத்தீர்கள். 1965-ஆம் வருஷம் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில், பழைய பாட்மின்டன் தளம் ஒன்றிலே, உரிய சாமான்கள் இல்லாத குறைக்குக் கையில் அகப்பட்டதைக் கொண்டு ஆடிப் பார்த்ததில் பிறந்த ஆட்டம் அது. ஆகவே அதன் அளவும் பாட்மின்டன் இரட்டையர் தளத்தின் அளவேதான்: 44 அடி நீளம், 20 அடி அகலம். அதாவது, நம் குழந்தைகள் கோலமாவால் இத்தனை நாளும் போட்டுவந்த சர்வதேச அளவு. வலையை மட்டும் நடுவில் 60 அங்குலத்திலிருந்து 34 அங்குலத்துக்கு இறக்கினால் காரியம் முடிந்திருக்கும். அதற்கு நிபுணர் வேண்டாம், வாழைநார் போதும்.

வெட்டவெளித் தளங்களை வடக்கு தெற்காக நீளவிடுவது வழக்கம். காலைச் சூரியனோ மாலைச் சூரியனோ எந்தக் கட்சியின் கண்ணையும் நேராகக் குத்தக் கூடாது என்பதே அதன் தாத்பரியம். வேப்பமரத்தடித் தளம் தற்செயலாகவோ தெய்வாதீனமாகவோ அப்படித்தான் அமைந்திருந்தது. தெற்கு மதிலை ஒட்டிய துண்டு நிலமோ கிழக்கு மேற்காக ஓடுவதால், மாலை ஐந்து மணிக்குக் கிழக்குக் கோடியில் நிற்பவர் ஒரு கையால் மட்டையைப் பிடித்து மறு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஆட வேண்டியிருக்கிறது. ஆட்டத்துக்கு ஆட்டம் பக்கம் மாறிக்கொள்வதால், இந்தக் குருட்டுத்தனம் இரு கட்சிக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

கம்பி வேலி, பூட்டு, செல்போன் செயலியில் முன்பதிவு, உரிய காலணி இல்லாதோர்க்கு அனுமதி மறுப்பு ஆகிய சீர்திருத்தங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. செல்போனும் காலணியும் இல்லாத எட்டு வயதுக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். பார்வையாளர் இல்லாத குறையும் தீர்ந்தது.

நேற்று வேப்பமரத்தடிக்குப் போயிருந்தேன். கோலமாவுக் கோடு இருந்த இடத்தில் ஏழு கார்கள் நின்றன. அவற்றுக்கு மஞ்சள் பெயின்டில், துளியும் பிசகாமல், வடக்கு தெற்காகக் கோடு போட்டிருக்கிறீர்கள்.