நிலைவில்லைக் கேமராவும் கால்வழிப் பெரிதாக்கமும்: வட சிலாங்கூர்க் கள ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100. 2010 செப்டம்பரில் ஜெர்மனியின் கோலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியையொட்டி அறிவிக்கப்பட்டு, 2011-இல் கடைக்கு வந்தது. ஆறாம் தலைமுறை 2024 பிப்ரவரியில் வெளியானது. வெளித்தோற்றம் தாத்தா காலத்து பிலிம் கேமரா. உள்ளே 4 கோடிப் புள்ளிகள். முன்னால் 23 மி.மீ. வில்லை. அதைக் கழற்றவும் முடியாது, நீட்டவும் முடியாது.

2. முதற்கோட்பாடு

உருவம் இருமடங்காக வேண்டுமானால் தூரம் பாதியாக வேண்டும். ஆகவே, ஜூம் என்னும் உறுப்பு கேமராவை விட்டு நீங்கி எடுப்பவரின் முழங்காலில் குடியேறிவிட்டது.

மறுப்பார் கூற்று: நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கும் வசதியும் அதில் உண்டே?
விடை: வெட்டுதல் நெருங்குதல் ஆகாது.

3. களச் சான்றுகள்

அ. பாகான் நக்கோடா ஓமார். கடல் வற்றியதும் சேறு விரிகிறது. தொலைவில் ஒரு கொக்கு. கோட்பாட்டின்படி நடக்க வேண்டும். முழங்கால் புதைந்த இடத்தில் கோட்பாடும் நின்றுவிடுகிறது. சேற்றில் நடக்கும் கலை கொக்குக்கு மட்டுமே கைவந்தது.

ஆ. செம்பனைத் தோட்டம். குடும்பப் படத்துக்குப் பின்வாங்க வேண்டும். மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர். அதற்குமேல் பின்வாங்குவோரை மட்டையின் முள் முதுகில் தொட்டு நிறுத்தும்.

இ. கம்போங் குவாந்தான். பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள். ஃப்ளாஷ் போடக் கூடாது. எஃப்/2 அளவுக்கு வில்லையைத் திறந்தாலும் ஆடும் படகில் புள்ளிகள் கோடுகளாகின்றன. காலுக்கு இங்கே வேலையில்லை. தூரத்தைப் படகோட்டி தீர்மானிக்கிறார்.

ஈ. புக்கிட் மலாவாத்தி. பொன்னிறக் குட்டியைச் சுமந்த சாம்பல்நிறக் குரங்கு தானே வந்து தோளில் ஏறுகிறது. படப்பொருளே ஜூம் ஆகும் அரிய நேர்வு இது.

உ. தோட்டத்துக் கோயில் திருவிழா. ஜூம் மரபினர் தேங்காய் உடைக்கும் காட்சியைத் தெருமுனையிலிருந்தே எடுத்து, எவரோடும் பேசாமல் வீடு திரும்புவர். நிலைவில்லையார் கூட்டத்துக்குள் நுழைந்தாக வேண்டும். நுழைந்ததும் விசாரணை தொடங்கும்: “நீ யாரு பிள்ளை? எந்த லயம்?” இக்கேமராவின் ஷட்டர் வில்லைக்குள்ளேயே இருப்பதால் ஓசை மிகக் குறைவு, அதனால் ஒரு துணைச் சிக்கலும் உண்டு.

“எடுத்துட்டியா தம்பி?”
“எடுத்துட்டேன் ஆன்ட்டி.”
“சத்தமே கேக்கலையே? இன்னொன்னு எடு. அப்புறம் சாப்பிட்டுட்டுப் போ.”

4. முடிபு

இக்கேமராவில் ஜூம் இல்லை என்பது பிழை. அது இடத்துக்கேற்பச் சேறு, முள், படகோட்டி, குரங்கு, ஆன்ட்டி ஆகியோர் பொறுப்பில் உள்ளது. ஐவருள் சோறு போட்டுப் பெரிதாக்குபவர் ஆன்ட்டி ஒருவரே. எனவே கோயில் களமே தலையாயது.

5. பரிந்துரை

கேமராப் பெட்டியில் கழுத்து வாருடன் ஒரு ஜோடி முழங்கால் ரப்பர் சப்பாத்தும் சேர்க்கப்பட வேண்டும்.