கோர்வை

கல்யாண மண்டபத்து மேடையில் நூறு பிள்ளைகளுக்கு மேல். வாய்ப்பாட்டு, வயலின், வீணை எல்லாம் தாண்டி வலது ஓரத்தில் மிருதங்கப் பிள்ளைகள். அதில் ஒருத்தி என் மகள், பத்து வயது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து நாங்கள் பதினோரு பேர், ஆட்டோவில் இரண்டு நடையாக வந்து முன்வரிசையைப் பிடித்திருந்தோம். அம்மா தன் முகூர்த்தப் புடவையைக் கட்டியிருந்தார். ஆயுசு முழுக்க ராட்டையில் தறிக்குத் தார் சுற்றியவருக்குச் சொந்தமாக இருக்கிற ஒரே பட்டு அது.

1985-ல் எனக்குப் பத்து வயது. அப்போது நானும் ஒரு வலது ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், தறியோரம். வாங்கிய முன்பணத்துக்காக வேறொரு வீட்டுத் தறிக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்கிற புடவைக்கு மூன்று நாடா வேண்டும். நெய்பவர் உடல் நாடாவை விடுவார். என் பக்கத்துக் கரை நாடாவை நான் விட வேண்டும். ஒவ்வோர் இழையிலும் இரண்டு நிற ஊடையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரும்பும். அதற்குப் பெயர் கோர்வை. ஓர் இழை தப்பினால் கரை விட்டுப்போகும், தலையில் குட்டு விழும். விடிந்ததும் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எங்கள் தெருவுக்குள் அது வந்து சேருவதற்குள் என் பள்ளிக்கூடம் போய்விட்டது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மகள் மிருதங்கம் கேட்டபோது, பெண் பிள்ளைக்கு எதற்கு என்றார்கள் சொந்தக்காரர்கள். அவளுடைய ஆசிரியர்தான் பாடகி டி.கே.பட்டம்மாளைப் பற்றி எனக்குச் சொன்னார். 1919-ல் இதே காஞ்சிபுரத்தில் பிறந்தவர். அவருடைய தாயார் நன்றாகப் பாடுவார், ஆனால் உறவினர் முன்னால் பாடக்கூட அனுமதி இல்லை. மகளோ பத்து வயதில் சென்னை வானொலியில் பாடிவிட்டார். லயத்தில் புலி என்று பெயரெடுத்த காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர். ஆண்களுக்கே உரியது என்று வைத்திருந்த ராகம் தானம் பல்லவியை மேடையில் பாடிக் காட்டியவர். அதற்குமேல் சொந்தக்காரர்களிடம் நான் பேசவில்லை. தவணையில் மிருதங்கம் வாங்கினேன்.

மேடையில் மிருதங்கப் பிள்ளைகளின் தனி ஆவர்த்தனம் தொடங்கியது. அதன் முடிவில் வரப்போவது கோர்வை என்று ஆசிரியர் ஒலிபெருக்கியில் சொன்னார். அம்மா சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"கோர்வைன்னா சொன்னாரு?"

"ஆமாம்மா. ஒரே கணக்கை மூணு தடவை வாசிச்சு, பாட்டு எடுக்கிற இடத்துல சரியா வந்து சேரணும்."

"தப்பிப்போனா?"

"யாரும் குட்ட மாட்டாங்கம்மா."

அம்மா கையை எடுக்கவில்லை. முதல் தடவை. இரண்டாவது. நாடா வந்து சேருவதற்குக் காத்திருக்கும் பழைய விறைப்பு என் தோளில் ஏறியது. மூன்றாவது முடிந்த அதே நொடியில் பாட்டுக்காரப் பிள்ளைகள் அத்தனை பேரும் பல்லவியை எடுத்தார்கள். இழை பிசகவில்லை. அம்மா அழுதுகொண்டிருந்தார், நானும்தான்.

கச்சேரி முடிந்து மகள் ஓடிவந்தாள். விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. இடது உள்ளங்கையில், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் பூசிய ரவை காய்ந்து ஒட்டியிருந்தது. யாரோ கைக்குட்டை நீட்டினார்கள். அதற்குள் அம்மா, முகூர்த்தப் புடவையின் ஜரிகை முந்தானையாலேயே துடைக்கத் தொடங்கியிருந்தார்.