முகமூடிக்குள் யார்? தீர்ப்பு எழுதப் புறப்பட்டவர்களுக்குச் சில யோசனைகள்

சூப்பர் ஹீரோ காமிக்ஸில் மர்மம் என்றால் தடயங்களைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். கதைக்குள் புதிதாக யார் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பாதி வேலை முடிந்தது.

பேட்மேன், நிஜப்பெயர் புரூஸ், 1939-இல் பிறந்தவர். 2002-இல் ‘ஹஷ்’ என்ற பேட்மேன் கதை தொடங்கும்போது டாமி எலியட் என்ற பால்ய சிநேகிதன் திடீரென்று முளைக்கிறான். அறுபது வருடத்துக்கு மேல் ஒரு கடுதாசிகூடப் போடாதவன். அதே நேரம் முகம் முழுக்கக் கட்டுப் போட்ட மர்ம வில்லன் ஒருவனும் வருகிறான். டாமியோ சர்ஜன். கட்டுத்துணிக்கா அவனுக்குப் பஞ்சம்? நடுவில் டாமி சுடப்பட்டுச் செத்துக் கிடப்பான். கைக்குட்டையை உள்ளே வையுங்கள். அந்தப் பிணம், நினைத்த உருவம் எடுக்கும் களிமண் ஆசாமி கிளேஃபேஸ். இத்தனையும் தெரிந்தும் பன்னிரண்டு இதழ்களை விடாமல் படிப்பீர்கள். ஜிம் லீயின் படங்கள் அப்படி. ஓட்டையில் கண் நிற்காது.

அடுத்தது நோக்கம். வில்லன் சொல்லும் காரணத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் சிரிக்காமல் சொல்லிப் பாருங்கள். ‘சொத்துக்காக அப்பா அம்மா காரில் பிரேக்கை அறுத்துவிட்டேன். அப்பா போய்விட்டார். அம்மாவை மட்டும் புரூஸின் அப்பா ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்துத் தொலைத்தார். அதனால் புரூஸை விடமாட்டேன்.’ கேட்பவர் சிரிப்பார்தான். ஆனாலும் தாராளமாக மார்க் போடலாம். அப்பா அம்மா இரண்டு பேரையும் ஒரே ராத்திரியில் பறிகொடுத்து மொத்தச் சொத்துக்கும் வாரிசான சிநேகிதனைப் பார்த்து வயிறெரிகிறான் பாருங்கள், அந்த அற்பத்தனம் நிஜம். கடைசியில் ரிட்லர் என்ற இன்னொரு வில்லன் வந்து ‘எல்லாம் என் திட்டம்’ என்று மார்தட்டுவதுதான் எனக்கு ஒட்டவில்லை. அதற்குக் கால் மார்க் குறையுங்கள்.

2004-இல் வந்த ‘ஐடென்டிட்டி கிரைசிஸ்’ உங்கள் பொறுமைக்கு வைத்த பரீட்சை. ஒரு ஹீரோவின் மனைவி ஸூ டிப்னி கொல்லப்படுகிறாள். மூளையில் பொடிப்பொடியாய்க் காலடித் தடங்கள். பிரேதப் பரிசோதனையில் தெரிகிறது. அருமையான தடயம், மெச்சிவிட்டு மேலே போங்கள். செய்தவள் ஜீன் லோரிங், எறும்பளவு சுருங்கக்கூடிய ‘ஆட்டம்’ (Atom) என்ற ஹீரோவின் முன்னாள் மனைவி. யாராவது தாக்கப்பட்டால் ஹீரோக்கள் பயந்து தத்தம் பிரியமானவர்களிடம் ஓடுவார்கள், நம்மவரும் நம்மிடம் திரும்புவார் என்று கணக்குப் போட்டாளாம். கொல்லும் எண்ணமே இல்லையாம். சரி, நம்புவோம். ஆனால் கையோடு தீ உமிழும் துப்பாக்கி ஒன்றையும் கொண்டுபோயிருக்கிறாள். எதற்கு? எதற்கும் இருக்கட்டும் என்றுதான். தொழிலில் அவள் வக்கீல் வேறு. இந்த வாக்குமூலத்தோடு அவளிடம் ஒரு கட்சிக்காரர் வந்திருந்தால் ஃபீஸை முன்கூட்டியே வாங்கியிருப்பாள்.

எல்லாவற்றையும் சரியாகக் கண்டுபிடித்தும் நீங்கள் தோற்கலாம். 1991-இல் டிசி காமிக்ஸ் ‘ஆர்மகெடான் 2001’ என்ற கதையை வெளியிட்டது. ஹீரோக்களில் ஒருவர்தான் எதிர்காலத்தில் மோனார்க் என்ற கொடுங்கோலன் ஆவார்; யார் அவர்? கேப்டன் ஆட்டம் (மேலே சொன்ன ஆட்டம் அல்ல, வேறு ஹீரோ) என்று முடிவு செய்து வைத்திருந்தார்கள். விஷயம் வெளியே கசிந்தது. உடனே பழியைத் தூக்கி ஹாக் என்ற ஹீரோவின் தலையில் கட்டிவிட்டார்கள். அவருக்குக் கிடைத்த நோக்கத்தைக் கேளுங்கள்: கூட்டாளி டவ்வைக் கொன்ற மோனார்க்கை அடித்தே கொல்கிறார், முகமூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது வயதான தானே, சரி என்று அதே கவசத்தை எடுத்து மாட்டிக்கொள்கிறார். கேப்டன் ஆட்டம் என்று நியாயமாக ஊகித்தவர்களுக்குப் பட்டை நாமம். ஆகவே வில்லன் யாரென்று பிடிபட்டுவிட்டால், கடைசி இதழ் அச்சாகும் வரை மூச்சு விடாதீர்கள்.