மெய்ப்பும் மெய்யும்: கிராண்ட், மார்க் ட்வைன்

கேள்வி: போர்த் தளபதியின் நினைவுக் குறிப்புகளுக்கு நகைச்சுவை எழுத்தாளர் பதிப்பாளரானது எப்படி?

பதில்: கடனும் நோயும் சேர்ந்து செய்த வேலை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வென்ற தளபதி யுலிசிஸ் கிராண்ட். இரு முறை குடியரசுத் தலைவராக இருந்தவர். 1884 மே மாதம் அவர் பங்காளியாக இருந்த நிதி நிறுவனம் திவாலானது. அதே ஆண்டு தொண்டையில் புற்றுநோய் தெரியவந்தது. தமக்குப் பிறகு மனைவி ஜூலியாவின் கதி என்ன என்ற கவலையில் நூல் எழுத உட்கார்ந்தார். ஒரு பத்திரிகை நிறுவனம் பத்து சதவீத உரிமைத்தொகை தர முன்வந்தது. நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வைனோ நிகர லாபத்தில் எழுபது சதவீதம் தருவதாகச் சொன்னார். 1885 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

கேள்வி: ட்வைன் கையில் மெய்ப்பு போனால் நடை மாறாமல் இருக்குமா?

பதில்: மாறவில்லை, பதிப்பாளராக அவருடைய பெருமையே அதுதான். இலக்கணம், நிறுத்தற்குறி போன்ற சில்லறைத் திருத்தங்களோடு அவர் நிறுத்திக்கொண்டார். மெய்ப்பில் பிழையைத் திருத்தலாம், ஐயத்தை ஓரத்தில் குறிக்கலாம். சொல்பவரின் குரலில் கைவைக்கலாகாது. நினைவுக் குறிப்பில் அந்தக் குரல்தான் நூலே.

கேள்வி: அவ்வளவு பெரிய தளபதிக்கு இன்னொருவர் பாராட்டு எதற்கு?

பதில்: பேனா பிடித்தால் தளபதியும் புது எழுத்தாளர்தான். ட்வைன் மெய்ப்புகளைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அது கிராண்டை வாட்டுகிறது என்று பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஜூலியஸ் சீசரின் போர்க் குறிப்புகளுக்கு இணையானது என்று மனதாரச் சொன்னார். மெய்ப்போடு ஒரு நல்ல வார்த்தையும் அனுப்புவது பதிப்பாளரின் கடமை.

கேள்வி: எழுதி முடித்தபின் புதுச் சான்று கிடைத்தால்?

பதில்: சேர்க்கத்தான் வேண்டும். ஷைலோ போரின் முதல் நாளில் தாமதமாக வந்ததற்காக, பின்னாளில் ‘பென்-ஹர்’ நாவலை எழுதிய தளபதி லூ வாலஸ் மீது கிராண்ட் குறை கூறியிருந்தார். அந்தப் போரில் மாண்ட மற்றொரு தளபதியின் மனைவி ஒரு பழைய கடிதத்தை அனுப்பினார். போருக்கு முந்தைய நாள், 1862 ஏப்ரல் 5 அன்று, லூ வாலஸ் எழுதியது அது. தாக்குதல் நேர்ந்தால் படை எந்தச் சாலையில் வருவது என்று அவர் முன்பே யோசித்திருந்தது அதில் தெரிந்தது. 1885 ஜூன் 21 தேதியிட்டு கிராண்ட் அடிக்குறிப்பு ஒன்று சேர்த்தார். வாலஸைப் பற்றிய தம் கருத்தை இக்கடிதம் பெரிதும் மாற்றுகிறது என்று அதில் ஒப்புக்கொண்டார். அப்போது குரல் அடங்கிவிட்டது. பேசவேண்டியதைச் சிறு தாள்களில் எழுதிக் காட்டும் நிலை. அந்நிலையிலும் ஒருவரின் நற்பெயரைக் காக்க இடம் ஒதுக்கினார்.

கேள்வி: இந்நூலை வேறு யாரோ எழுதித் தந்ததாகச் சொல்கிறார்களே?

பதில்: அந்த வதந்தி அவர் வாழும்போதே பத்திரிகையில் வந்தது, அவரே மறுத்தார். அவர் கைப்பட எழுதிய கையெழுத்துப்படி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. கடைசி மாதங்களில் சில பகுதிகளைச் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொண்டார், சொற்கள் கிராண்டுடையவை.

கேள்வி: உழைப்புக்குப் பலன்?

பதில்: பணி முடிந்த சில நாட்களில், 1885 ஜூலை 23 அன்று கிராண்ட் காலமானார். முதல் தொகுதி டிசம்பரில் வெளிவந்தது. முகவர்கள் வீடு வீடாகச் சென்று சந்தா சேர்த்ததில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றன. 1886 பிப்ரவரியில் ஜூலியா பெற்ற முதல் காசோலை 2,00,000 டாலர்.