கவ்வாத்து மலையும் காய்க்காத மரமும்

கேள்வி: ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன், ஜெபிக்கிறேன். பல வருஷமாகியும் ஒரு கனியையும் காணோமே? (வாசகி, ஹல்துமுல்லை)

பதில்: தேயிலைக்கு நடுவில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்களே! கவ்வாத்து வெட்டிய மலையைப் புதிதாகப் பார்ப்பவர் தோட்டமே செத்துவிட்டது என்பார். கங்காணி பதறுவாரா? சில மாதத்தில் கொழுந்து வரும் என்று அவருக்குத் தெரியும். யோவான் 15-ல் இயேசு சொல்வதும் ஏறக்குறைய இதே கணக்குதான். அங்கே கத்தி சுத்தம் பண்ணுவது கனி கொடுக்கிற கொடியை. ஆகவே வெட்டு விழுந்தால் உடனே முகத்தைத் தூக்கிக்கொள்ள வேண்டாம்.

லூக்கா 13-ல் அத்திமரத்துக்காரர் 3 வருஷம் பார்த்துவிட்டு வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரர் இன்னும் 1 வருஷம் தவணை கேட்கிறார். வெறும் தவணை அல்ல. சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாகவும் ஒப்புக்கொள்கிறார். நம்மில் பலர் தவணையை வாங்கிக்கொண்டு மண்வெட்டியை மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று. கலாத்தியர் 5-ல் பவுல் எழுதிய கனிப் பட்டியலில் நீடிய பொறுமையும் இருக்கிறது. இத்தனை வருஷம் காத்திருந்தீர்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சாந்தம் காய்த்ததா என்பதை மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் நல்ல மனநிலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து.